காலையில் பசிக்கவில்லை என்பதை நம்பி விண்டோ போடாதீர்கள்

கூட வேலை பார்க்கும் ஒருவர் போன வாரம் உற்சாகமாக வந்து சொன்னார்: "நானும் ஃபாஸ்டிங் ஆரம்பிச்சிட்டேன் சார். மத்தியானம் 2 மணியிலிருந்து ராத்திரி 10 வரைக்கும். எனக்குக் காலையில பசியே எடுக்காது, அதனால ரொம்ப சுலபமா இருக்கு." தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு நான் வைத்துக்கொண்ட அதே நேரம், அதே காரணம். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்கூட.

ஒரு நாளின் சாப்பாட்டை எட்டு மணி நேரத்துக்குள்ளோ பத்து மணி நேரத்துக்குள்ளோ முடித்துவிட்டு, மீதி நேரம் வெறும் வயிற்றோடு இருப்பதுதான் இந்த முறை. சாப்பிட அனுமதித்துக்கொள்ளும் அந்த நேரத்தை விண்டோ என்கிறோம். பாலும் சர்க்கரையும் போட்ட காபி விரதத்தைக் கலைக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, நான் அதற்குள் போகவில்லை. விண்டோவை நாளின் எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் வரிசையாகச் சறுக்குகிறார்கள்.

எடுத்த எடுப்பில் 16:8 (16 மணி நேரம் விரதம், 8 மணி நேரம் விண்டோ)

இப்போது எத்தனை மணி நேரம் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் சச்சின் பாண்டாவும் அவரது சக ஆய்வாளரும் 2015-இல் செல்போன் செயலி வைத்து இதைக் கணக்கெடுத்தார்கள். பாதிப்பேர் ஒரு நாளில் 14.75 மணி நேரத்துக்கும் மேல் எதையாவது உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து ஒரே நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குதித்தால் பத்தாம் நாள் விட்டுவிடுவீர்கள். முதலில் பன்னிரண்டு, அப்புறம் பத்து. பத்திலேயே நின்றுவிட்டாலும் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"எனக்குக் காலையில் பசிக்காது"

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு. பசியில்லை என்றால் உடலுக்குச் சாப்பாடு வேண்டாம், ஆகவே காலையை வெட்டிவிடலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பசியின்மை எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது முந்தைய இரவு ஒன்பதே முக்காலுக்குத் தட்டு நிறையச் சாப்பிட்டதிலிருந்து வந்தது. ராத்திரி தாமதமாகச் சாப்பிடுவதால் காலையில் பசி இல்லை, காலையில் சாப்பிடாததால் ராத்திரி அகோரப் பசி. இந்தச் செக்கைச் சுற்றிக்கொண்டே "என் உடல்வாகு இப்படி" என்று முடிவு கட்டியிருந்தேன்.

போதாததற்குப் பசிக்கே ஒரு உள்கடிகாரம் உண்டு. உடல் கடிகாரத்தை ஆராயும் ஃபிராங்க் ஷீர் குழுவினர் 2013-இல் ஆய்வறைக்குள் ஆட்களைத் தங்க வைத்து, சாப்பாட்டையும் தூக்கத்தையும் வெவ்வேறு நேரங்களுக்கு நகர்த்திப் பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள் என்பதையும் மீறி, பசி காலை 8 மணி வாக்கில் அடங்கியும் இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. ஆகவே காலையில் பசி மந்தமாக இருப்பது உங்களுக்கு மட்டும் கிடைத்த வரம் என்று நினைக்க வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், சர்க்கரையைக் கையாளும் திறன் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. உடல் இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுவது காலையில். பொழுது சாயச் சாய அது குறைகிறது. தூக்கத்துக்கு நம்மைத் தயார்செய்யும் மெலடோனின் இரவில் ஏறும்போது, கணையம் இன்சுலின் சுரப்பதும் மந்தமாகிறது. காலையில் சாப்பிட்ட அதே அளவை இரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறி, இறங்க நேரமெடுக்கிறது. வயிறு கேட்கும் நேரம் ஒன்று, உடல் சமாளிக்கும் நேரம் இன்னொன்று. நான் வயிறு கேட்டதை நம்பினேன்.

2018-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடித்தது. நீரிழிவின் வாசலில் நின்ற எட்டு ஆண்களை ஐந்து வாரம் ஆறு மணி நேர விண்டோவில் வைத்து, கடைசிச் சாப்பாட்டைப் பிற்பகல் 3 மணிக்குள் முடிக்கச் சொன்னார்கள். எடை குறையாதபடி பார்த்துக்கொண்டும், இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் தேறின. எட்டே பேர்தான், அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. இன்னொரு பக்கம், 2020-இல் வெளியான 116 பேர் ஆய்வில் நண்பகல் 12 முதல் இரவு 8 வரை என்று விண்டோ கொடுத்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் எடையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கூடுதலாகக் குறையவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் இந்தக் கூத்து. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் படுக்கை. ஆரம்பத்தில் 3 கிலோ குறைந்தது, நான்காம் மாதம் அது பத்திரமாகத் திரும்பி வந்தது. கூடவே நெஞ்செரிச்சல். நடுராத்திரி 2 மணிக்குத் தொண்டைவரை புளிப்புத் தண்ணீர் ஏறி எழுந்து உட்காருவேன். இரண்டு மருத்துவர்கள், ஒரு எண்டோஸ்கோப்பி, மூன்று மாதம் அமிலம் குறைக்கும் மாத்திரை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணக்கில் நான்தான் ஆரோக்கியமாக விரதம் இருக்கிறேனே!

அப்புறம் தங்கை கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கும் என்பதால் அடுப்படி ஏழு மணிக்கே மூடப்பட்டது, முணுமுணுத்துக்கொண்டே நானும் அதற்குள் சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் நெஞ்செரிச்சல் போயிற்று. அதற்கும் முன்பே, ஆறாம் நாள் காலையில், எனக்குப் பசித்தது. பல வருடம் கழித்து வந்த காலைப் பசி. அது என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அதனால் விண்டோவைத் தேர்ந்தெடுக்கும் முன், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்து ஒரு வாரம் இருந்து பாருங்கள். அதன் பிறகும் காலையில் பசி வரவில்லையென்றால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம். நேரம் குறிக்கும்போது முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 11 மணிக்குப் படுப்பவர் 8 மணிக்குள் கை கழுவ வேண்டும். பத்து மணி நேரம் பின்னால் போனால் காலை 10. திறக்கும் நேரம் அப்படித் தானாக விழட்டும்.

"வீட்டுக்கு வரவே எட்டரை ஆகுது சார்" என்றார் அந்த அலுவலக நண்பர். எல்லோருக்கும் ஆகிறது. பெரிய சாப்பாட்டை மத்தியானத்துக்கு நகர்த்துங்கள். மாலை 6 மணிக்கு வேலை இடத்திலேயே இன்னொரு வேளையை முடியுங்கள். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் ஆக வேண்டுமென்றால் கொஞ்சமாகச் சாப்பிட்டு எழுந்திருங்கள். இரவு 10 மணிக்கு மூடும் எட்டு மணி நேர விண்டோவைவிட, 8 மணிக்கு மூடும் பதினொரு மணி நேர விண்டோவை நான் மேலாக மதிப்பேன்.

விண்டோவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்

சாப்பிடலாம், எடை குறையாது. சீனாவில் 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வந்தது. இரு தரப்புக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு தரப்புக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்ற விண்டோவும் சேர்த்து. அவர்கள் சராசரியாக 8 கிலோ இழந்தார்கள், மற்றவர்கள் 6.3. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சின்னது. ஆக, எடையைக் குறைத்தது பெரும்பாலும் கலோரிக் கட்டுப்பாடுதான்.

ஆட்டோஃபேஜி அட்டவணை

செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே உடைத்து மறுபடி பயன்படுத்துவதுதான் ஆட்டோஃபேஜி. "16-ஆம் மணி நேரத்தில் செல்கள் சுத்தமாகும்" என்று மணிவாரியாகப் போட்ட படங்களை நம்பி விண்டோவைச் சுருக்காதீர்கள். இதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் வாங்கித் தந்த அடிப்படைச் சோதனைகள் ஈஸ்ட்டில் நடந்தவை. உங்கள் கடிகாரத்தில் எந்த மணியில் என்று அவை சொல்லவில்லை.

மாத்திரை போடுகிறவர்கள்

இன்சுலினோ, நீரிழிவுக்கான சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு மணி நேரம்கூட நகர்த்தக் கூடாது. சாப்பாடு தள்ளிப்போய் மருந்து மட்டும் உள்ளே போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். சாப்பிட்டபின் போட வேண்டிய மாத்திரை ஏதாவது இருந்தால், விண்டோ அதன் நேரத்துக்கு வளைய வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே

வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை

ஆறு நாள் காலை 9 முதல் மாலை 6, ஏழாம் நாள் மட்டும் மத்தியானம் 1 முதல் இரவு 11 என்று வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை நீண்ட விமானப் பயணத்திலிருந்து இறங்கியவர் போல இருப்பீர்கள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே போகட்டும், அதற்கு மேல் நகர்த்தாதீர்கள்.