பாஸ்வேர்டு ரீசெட் மெயில் வரவில்லையா? இந்த வரிசையில் தேடுங்கள்

பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ அழுத்தி, மெயில் முகவரியைக் கொடுத்துவிட்டு இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. இப்போது கை தானாக அந்தப் பட்டனுக்குத்தான் திரும்பப் போகும். தயவுசெய்து மறுபடி அழுத்தாதீர்கள்.

என் அம்மா ஒருமுறை இப்படித்தான் தவித்துப்போனார். மெயில் வரவில்லையே என்று ஐந்து முறை கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து ஐந்தும் சேர்ந்தாற்போல் வந்தன. ஐந்துக்கும் ஒரே தலைப்பு என்பதால் ஜிமெயில் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டது. அம்மா மேலே இருந்ததைத் திறந்து லிங்க்கை அழுத்தினார். ‘இந்த லிங்க் காலாவதியாகிவிட்டது’ என்று வந்தது. பல தளங்களில் புது லிங்க் கிளம்பியதுமே பழையது செல்லாமல் போய்விடும். செல்லுபடியாகும் லிங்க் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

1. கால் மணி நேரம் பொறுங்கள்

சில மெயில் சர்வர்கள், அறிமுகமில்லாத இடத்திலிருந்து வரும் மெயிலை உடனே வாங்காது. ‘அப்புறம் வா’ என்று திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் சில நிமிடங்களில் மறுபடி வரும், ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள் என்பது அதன் கணக்கு. இதற்கு கிரேலிஸ்டிங் என்று பெயர்.

2. இன்பாக்ஸுக்கு வெளியே தேடுங்கள்

ஜிமெயிலில் ஸ்பேம், ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ். அவுட்லுக்கில் ஜங்க், ‘அதர்’. எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஜிமெயிலின் தேடல் பெட்டி வழக்கமாக ஸ்பேமிலும் டிராஷிலும் தேடாது. அதனால் ‘தேடினேன், இல்லை’ என்பதோடு விட்டுவிட வேண்டாம். ஃபோன் ஆப்பில் சிங்க், அதாவது புது மெயில்களை இழுத்துவரும் வேலை, நின்றுபோயிருக்கலாம். பிரவுசரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பேமில் கிடைத்தால், அனுப்பிய முகவரி அந்தத் தளத்துடையதுதானா என்று பார்த்து, ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்து, இன்பாக்ஸுக்கு வந்த பிறகு லிங்க்கைத் திறங்கள்.

3. இந்த முகவரிதானா?

என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திரையில் வந்த வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். ‘இந்த முகவரியில் கணக்கு *இருந்தால்*, லிங்க் அனுப்பியிருக்கிறோம்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கணக்கே இல்லாவிட்டாலும் அதே வாசகம்தான் வரும். யார் யாருக்கு அங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் துழாவிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தளங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கின்றன. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் முகவரியைத் தவறாகக் கொடுத்தவர், வராத மெயிலுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்.

உங்களிடம் உள்ள ஒவ்வொரு மெயில் கணக்கிலும் நுழைந்து, தளத்தின் பெயரைப் போட்டுப் பழைய மெயில்களைத் தேடுங்கள். கணக்குத் தொடங்கிய நாளில் வந்த வரவேற்பு மெயிலோ, ஏதாவது ரசீதோ கிடைத்தால், அது எந்தப் பெட்டிக்கு வந்ததோ அதுதான் உங்கள் முகவரி. புள்ளிகளையும் கவனியுங்கள். ஜிமெயிலுக்குப் பெயரின் நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் மற்ற தளங்கள் அவற்றை இரண்டு வெவ்வேறு முகவரிகளாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்தபோது எப்படி எழுதினீர்களோ அப்படியே கொடுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு ‘கூகுள் மூலம் உள்நுழைக’ அழுத்தி உள்ளே போனவராக இருந்தால், அந்தத் தளத்தில் உங்களுக்குப் பாஸ்வேர்டே இருக்காது. இல்லாத ஒன்றை எப்படி மாற்றித் தருவார்கள்? அதே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

4. பெட்டி நிரம்பிவிட்டதா?

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. படங்களும் வீடியோக்களும் இடத்தை நிரப்பிவிட்டால், புது மெயில் திரும்பிப் போய்விடலாம். அப்படியே செட்டிங்ஸில் ஃபில்டர்களையும், தடுத்துவைத்த முகவரிகளின் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள்.

5. தளத்துக்கு எழுதுங்கள்

முன்பு எப்போதோ உங்கள் பெட்டி அவர்களுடைய மெயிலைத் திருப்பியிருந்தாலோ, நீங்களே ‘ஸ்பேம்’ என்று குறித்திருந்தாலோ, அனுப்பும் சேவை உங்கள் முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டிருக்கக்கூடும். அதை உங்களால் எடுக்க முடியாது, அவர்களால்தான் முடியும். மெயில் முகவரி, ரீசெட் கேட்ட தேதி, நேரம், இதுவரை பார்த்த இடங்கள் எல்லாவற்றையும் எழுதி, தடைப்பட்டியலில் இருக்கிறேனா என்று நேரடியாகக் கேளுங்கள். அலுவலக மெயில் என்றால், சந்தேகமான மெயில்களை நிறுத்திவைக்கும் குவாரண்டைனில் அது நிற்கிறதா என்று உங்கள் ஐடி பிரிவிடம் முதலில் விசாரியுங்கள்.

தளத்தின் உதவிப் பக்கம் வழியாக மட்டும் தொடர்புகொள்ளுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களில் போலிகள் நிறைய. பேசுகிறவர் ஓடிபி கேட்டாலோ, ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

சரி, கோளாறு எதுவென்று தெரிந்து அதைச் சரிசெய்த பிறகு, ஒரே ஒரு முறை ரீசெட் கேளுங்கள். வந்த மெயில்களில் கடைசியானதைத் திறங்கள். உள்ளே போனதும், வெளியேறுவதற்கு முன்பே, கணக்கில் இருக்கும் மெயில் முகவரி இன்றும் நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பார்த்து, மாற்று முகவரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.