பக்ஸ்கின் கல்ச் பயணமா? மேட்டு நிலத்து மழையைப் பாருங்கள்

அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள பக்ஸ்கின் கல்ச் போன்ற குறுகிய பாறை இடுக்குகளுக்கு நாள் குறிக்குமுன், அங்கே தண்ணீரைக் கொண்டுவரும் மேட்டு நிலம் முழுவதிலும் கடந்த இரண்டு வாரத்தில் பெய்த மழையைப் பாருங்கள். தேசிய வானிலைச் சேவையின் மழையளவு வரைபடத்திலேயே இது கிடைக்கும்.

வெறும் பாறை நீரை உறிஞ்சாது. தொலைவில் பெய்ததும் இடுக்குக்கே வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆண்டலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது மேலே எங்கோ பெய்த மழையால்தான். வெள்ளம் வடிந்த பிறகும் வெயில் படாத குழிகளில் நீர் வாரக்கணக்கில் தேங்கும், இடுப்பளவு, சில்லென்று. அப்போது வெட்சூட் (குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் உடை) வேண்டும், பைக்குள் நீர்புகா உறையும் வேண்டும். அங்கே செல்லும் ஹவுஸ் ராக் வேலி மண்சாலையும் நனைந்தால் களிமண் சேறு. நான்கு சக்கர இயக்க வண்டியே சிக்கும்.

பழைய மழைக் கணக்கு அன்றைய முன்னறிவிப்புக்கு மாற்றல்ல. மேட்டு நிலத்தில் இடிமழை வாய்ப்பு இருந்தால், முந்தைய வாரம் எவ்வளவு காய்ந்திருந்தாலும் இறங்காதீர்கள். யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் உள்ள நேரோஸ் என்ற ஆற்று இடுக்குக்கு இந்த இரண்டு வார மழைக் கணக்கு பொருந்தாது. அது வற்றாத ஆறு. நீரோட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகமே அந்த இடுக்கை மூடிவிடும்.