பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு: கையெழுத்திடும் முன் பெண்கள் செய்ய வேண்டியவை

தந்தை மறைந்து கருமாதி முடிந்த கையோடு, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருமாறு மகள்களிடம் கேட்பது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. அது பெரும்பாலும், தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால், சட்டம் கொடுத்த பங்கை மீட்பது மிகவும் கடினம். ஆகவே எந்தத் தாளிலும் உடனே கையெழுத்திடாமல், முதலில் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்தாயிற்றே" என்பார்கள். கல்யாணச் செலவைக் காட்டி மகளின் பங்கை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து, சொத்து எவ்வகையானது என்று பாருங்கள். தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கியதை அவர் உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். உயில் இல்லையெனில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, ஒவ்வொரு மகன், ஒவ்வொரு மகள், உயிரோடிருந்தால் தாய் ஆகிய அனைவருக்கும் சமபங்கு. பாகம் பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தென்றால், 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் மகளையும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கியது. தமிழ்நாடு இவ்வுரிமையை 1989 மார்ச் 25 முதலே அளித்திருந்தாலும், அதற்குமுன் திருமணமானவர்களை விலக்கி வைத்திருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற நெடுநாள் குழப்பத்துக்கும், தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவாகிவிட்ட பாகப்பிரிவினையை இத்திருத்தம் கலைக்காது. "வாய்மொழியாக அப்போதே பிரித்துவிட்டோம்" என்ற பேச்சை, அரசு ஆவணங்களின் வலுவான ஆதாரமின்றி நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை என்பதால், அதைக் கேட்டதும் பின்வாங்க வேண்டாம். கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் வேறு சட்டங்கள் உண்டு. அவற்றிலும் மகளுக்குப் பங்கு இருக்கிறது.

பிறகு ஆவணங்களைத் திரட்டுங்கள். தந்தையின் இறப்புச் சான்றிதழைக் கொண்டு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். திருமணமான மகளின் பெயரை விட்டுவிடும் துணிச்சல் சில குடும்பங்களில் உண்டு. சொத்து யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது என்பதைப் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றிதழ் காட்டும். பட்டாவையும் மூலப்பத்திரத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். பட்டா அண்ணன் பெயரில் இருப்பதாலேயே சொத்து அவருடையதாகிவிடாது.

பேசித் தீர்ப்பதானால், தாயும் உடன்பிறந்தோரும் கூடியிருக்கையில் பேசி, முடிவைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். விட்டுக்கொடுக்க மனம் இசைந்தால் அது உங்கள் உரிமை. பங்கின் மதிப்பை அறிந்த பின் எடுத்த முடிவாக மட்டும் இருக்கட்டும். பேச்சு நடக்காதபோது, வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். வழக்கு நிலுவையில் இருக்கையில் சொத்தை வாங்குபவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்றாலும், விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்பதே நல்லது. செலவை நினைத்துத் தயங்குவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் அழைத்துக் கேட்கலாம்.