முதல் கராத்தே பெல்ட் டெஸ்ட்டுக்குத் தயாராவது எப்படி?

டெஸ்ட்டுக்குப் பெயர் கொடுத்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், பஞ்ச்சின் வேகத்தைக் கூட்டுவது. அது வேண்டாம். ஒயிட் பெல்ட்காரர் நிலையாக நிற்கிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். எனவே மீதமுள்ள நாட்களைக் கால்களுக்குக் கொடுங்கள்.

இங்கே சொல்வது ஷோட்டோகான் என்னும் கராத்தே பாணிக்கானது.

படி 1: பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

கிஹோன் (அடிப்படை அசைவுகள்), கட்டா (வரிசையாகக் கோத்த அசைவுகள்), குமித்தே (ஜோடியாக மோதிப் பழகுவது) என்று மூன்று பகுதிகள் இருக்கும். எதெது வரும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அடுத்த பெல்ட்டின் நிறம்கூட மாறும். யூடியூபை நம்பாமல் உங்கள் மாஸ்டரிடமே கேளுங்கள்.

படி 2: ஜென்குட்சு டாச்சி (முன்னங்காலில் எடை வைத்து நிற்கும் நிலை)

முன் முழங்கால் மடங்கி, பாதத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பின்னங்கால் நீட்டியிருக்க வேண்டும். எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்காலில். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது அகலத்தில்: கயிற்றின் மேல் நடப்பவர்போல இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் இடுப்பகலம் இடைவெளி இருந்தால்தான் திரும்பும்போது உடம்பு ஆடாது. இந்த நிலையிலேயே ஓய்சுகி (அடியெடுத்து வைத்து விடும் பஞ்ச்), கெடான் பராய் (கீழ்நோக்கிய தடுப்பு), அகே உகே (மேல்நோக்கிய தடுப்பு) மூன்றையும் மெதுவாகப் பழகுங்கள். பஞ்ச் போகும் அதே நேரத்தில் மற்றக் கை இடுப்புக்கு வந்து சேர வேண்டும்.

படி 3: ஹெய்யான் ஷோடான்

முதல் கட்டா பெரும்பாலும் இதுதான். 21 அசைவுகள், 9-ஆவதிலும் 17-ஆவதிலும் கியாய் (உரக்கக் கத்துவது). மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து தொடங்குங்கள். முடியும்போது அதே புள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஓர் அடி நீண்டிருக்கிறது, இன்னொன்று குறுகியிருக்கிறது. பொதுவாக, முன்னோக்கிப் போகும் மூன்று அகே உகேயிலும் திரும்பி வரும் மூன்று ஓய்சுகியிலும் அடியின் நீளம் ஒன்றாக இருக்காது. அங்கேதான் முதலில் பாருங்கள்.

இன்னொரு பொறி: இரண்டு பெரிய திருப்பங்களும் (270 பாகை) கியாய் முடிந்த கையோடு வருகின்றன. கத்திய வேகத்தில் சட்டென்று சுழன்றால் விழப்போவதுபோல ஆடும். கியாய்க்குப் பின் ஒரு மூச்சு நில்லுங்கள், தலையைத் திருப்பிப் பாருங்கள், பிறகு பின்னங்காலான இடது காலை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோங்கள். இந்த இரண்டு திருப்பங்களைத் தனியாக எடுத்துப் பழகுவது, முழுக் கட்டாவைப் பலமுறை ஓட்டுவதைவிட மேல்.

கடைசி நான்கு ஷூட்டோ உகேயில் (கத்திபோல விரித்த கையால் தடுப்பது) எடை பின்னங்காலுக்கு மாறும். களைப்பில் இதை மறந்து முன்னால் சாய்பவர்கள் ஏராளம்.

படி 4: குமித்தே

முதல் டெஸ்ட்டில் வருவது பெரும்பாலும் கோஹோன் குமித்தே. ஒருவர் ஐந்து முறை பஞ்ச் செய்தபடி முன்னேறுவார். மற்றவர் தடுத்துக்கொண்டே பின்வாங்கி, ஐந்தாவதில் திருப்பி அடிப்பார். முகத்துக்கு என்றால் ‘ஜோடான்’, வயிற்றுக்கு என்றால் ‘சூடான்’ என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். எதிரி நகர்வதற்கு முன்பே பின்னால் ஓடாதீர்கள். கண் எதிரியின் முகத்திலேயே இருக்கட்டும்.

படி 5: எண்கள், உடை, பெல்ட்

இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹாச்சி, கு, ஜு. மனப்பாடம் செய்துவிடுங்கள். உடையைத் துவைத்து இஸ்திரி போட்டு வையுங்கள், நகம் வெட்டுங்கள். வளையல், கொலுசு, கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் என்ன செய்வது என்று முதல் நாளே மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். பெல்ட்டின் இரு முனைகளும் சம நீளத்தில் தொங்க வேண்டும். (இந்த பெல்ட் முறை ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ அங்கே கொண்டுவந்ததை, ஷோட்டோகானின் நிறுவனர் கிச்சின் ஃபுனாகோஷி எடுத்துக்கொண்டு, 1924-இல் கராத்தேயின் முதல் பிளாக் பெல்ட்களை வழங்கினார்.)

படி 6: டெஸ்ட் நாள்

இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். பூரி, பரோட்டா வேண்டாம். கட்டாவில் நடுவே மறந்துபோனால் தலையைச் சொறியாதீர்கள், நாக்கைக் கடிக்காதீர்கள். நின்ற நிலை கலையாமல் ஒரு நொடி யோசித்துத் தொடருங்கள். பெயரைக் கூப்பிட்டதும் ‘ஓஸ்’ என்று உரக்கச் சொல்லி, ஓடிப்போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள்.