தைமோசின் ஆல்பா-1, எல்எல்-37: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கக் கல்லூரி ஆய்வகங்களில் நோய் எதிர்ப்பில் பங்குள்ள இந்த இரண்டு பெப்டைடுகளையும் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலிகள்) ரத்த வெள்ளணுக்களில் ஒப்பிட நினைப்பவர்களுக்காக இது. தைமோசின் ஆல்பா-1 அமிலத்தன்மை உள்ளது, 28 அமினோ அமிலம். எல்எல்-37 நேர்மின்சுமை உள்ளது, 37 அமினோ அமிலம். பாதித் தொல்லை இந்த மின்சுமை வித்தியாசத்தால் வருவதுதான்.

குப்பி வந்ததும் சான்றிதழில் மூலக்கூறு நிறையைப் பாருங்கள். தைமோசினுக்கு சுமார் 3108 டால்டன் வேண்டும். 3066 என்று இருந்தால் முனையில் இருக்க வேண்டிய அசிட்டைல் தொகுதி இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். எல்எல்-37க்கு சுமார் 4493. '95% தூய்மை' என்றால் கிருமி நச்சு இல்லை என்று பொருளல்ல. ஆய்வுக்கான குப்பியை யாரும் உடம்பில் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் போகும் முன்பே திறந்தால், பஞ்சு போன்ற பொடி ஈரம் குடித்துச் சுவரில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய ஜாடி) அரை மணி நேரம் வைத்த பிறகு திறங்கள். கரைத்ததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். தேவைக்கு ஒரு பங்கை மட்டும் உருக்கினால், மொத்தமும் திரும்பத் திரும்ப உருகி உறைந்து வீணாகாது.

எடையை வைத்து ஒப்பிடாதீர்கள், மோலை வைத்து ஒப்பிடுங்கள். குப்பியில் 1 மில்லிகிராம், அதில் பெப்டைடு 80% (மீதி உப்பும் ஈரமும்) என்றால், 1 மில்லிமோலார் கரைசலுக்குத் தைமோசினில் 257 மைக்ரோலிட்டர் நீர், எல்எல்-37இல் 178. எல்எல்-37 கண்ணாடியிலும் சாதாரண பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். ஒட்டாத வகை பாலிபுரொப்பிலீன் குழாய்தான் சரி. சீரம் சேர்த்தாலும் அதன் வேகம் குறையும். ஆகவே சீரத்தோடும் இல்லாமலும் இரண்டு வரிசை வையுங்கள்.

பலரும் விழுகிற குழி எல்பிஎஸ், அதாவது சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் நச்சு. எல்பிஎஸ் கொடுத்துச் செல்களைத் தூண்டி, டிஎன்எஃப் (செல்கள் வெளியிடும் அழற்சிப் புரதம்) குறைந்ததா என்று பார்ப்பார்கள். எல்எல்-37 எல்பிஎஸ்ஸையே நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். செல்லில் ஒன்றுமே நடக்காமல் டிஎன்எஃப் விழும். தைமோசினுக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. ஒப்பீடு அங்கேயே கோணலாகிவிடும். பெப்டைடோடு ஒரு மணி நேரம் வைத்து, கழுவி, பிறகு தூண்டுங்கள். கூடவே பாம்3சிஎஸ்கே4 போன்ற வேறொரு தூண்டியையும் வையுங்கள். அதே அமினோ அமிலங்களைக் கலைத்து அடுக்கிய பெப்டைடு ஒரு கட்டுப்பாட்டுக்கு அவசியம்.

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நம்ப வேண்டாம். 2014இல் வெளியான கால்புண் ஆய்வில் எல்எல்-37 ஒரு மில்லிலிட்டருக்கு 0.5, 1.6 மில்லிகிராம் அளவுகளில் புண் ஆற உதவியது, 3.2இல் வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. அளவு ஏறினால் அது நம் செல்களின் சவ்வையும் கிழிக்கும். டிஎன்எஃப் குறைந்த ஒவ்வொரு தட்டுக்குழியிலும் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று எம்டிடி சோதனை (உயிருள்ள செல்லில் நிறம் மாறும் சாயம்) வைத்துப் பார்த்த பிறகே அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள்.