நாய் காரில் ஏற வீட்டிலேயே ஒரு சாய்வுப்பலகை
வயதான நாய் காரிலிருந்து குதிக்கும்போது உடல் எடை பெரும்பாலும் முன்னங்கால்களில் இறங்குகிறது; பலகை குட்டையானால் சாய்வு செங்குத்தாகி அதே சிரமம் வரும் என்பதால், சாய்வுப்பலகையின் நீளத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. காரின் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், 180 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட 18 மி.மீ. பிளைவுட்டை எடுத்து, அது வளையாதிருக்க அடியில் நெடுக இரண்டு மரச்சட்டங்களைத் திருகாணியால் முடுக்குங்கள்; சாய்வு ஏறத்தாழ 20 பாகையாக அமையும். பெரிய நாய்க்கு அகலத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மேற்பரப்பு முழுவதும் சொரசொரப்பான ரப்பர் விரிப்பை ஒட்டுங்கள். ஒருமுறை நகம் வழுக்கிவிட்டால், பயந்த நாய் மறுபடி அதில் கால் வைக்கத் தயங்கும். மேல்முனையின் அடியில் பொருத்தும் குறுக்குக்கட்டை, பின்கதவு விளிம்பின் உட்புறம் மாட்டிக்கொண்டு பலகை நழுவாமல் தடுக்கும்.

முதலில் பலகையைத் தரையில் கிடத்தி நாயை நடக்கப் பழக்குங்கள். தயங்கினால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள்.