போர் அருங்காட்சியக உலாவில் நாம் தவறவிடுபவை: பழைய ஃபோர்டு தொழிற்சாலையை முன்வைத்து

சிங்கப்பூரின் அப்பர் புக்கித் தீமா சாலையில், இப்போது போர் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போகிறவர்களில் பலர் நேராக ஓர் அறையைத் தேடித்தான் நடப்பார்கள். 1942 பிப்ரவரி 15 மாலை, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்ட அறை அது. நடுவில் கிடக்கும் மேசையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த மேசை நகல். அசல் மேசை ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில், அங்குள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது. வழிகாட்டியோடு நின்று பத்து நிமிடம் கேட்கிறவருக்கு இதுபோல எத்தனையோ விஷயங்கள் தெரியவரும். அதனால் இங்கே நான் முதலில் சொல்லும் தவறு, வழிகாட்டி அழைத்துப்போகும் உலாவையும் உரையையும் விட்டுவிட்டுப் பொருள்களை மட்டும் பார்த்து வருவது.

உலா என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்பதைப் போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். குழுவாகப் போவதாக இருந்தால் முன்பதிவு தேவையா என்று கேளுங்கள். பாதியில் வந்து சேர்ந்தால் கதையின் தலை போய்விடும். போருக்கு முந்தைய மலாயாவையும், 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியப் படை தரையிறங்கியதையும் தெரிந்துகொள்ளாமல் சரணடைந்த அறைக்கு வந்தால், எழுபது நாளில் ஒரு பேரரசின் கோட்டை எப்படி விழுந்தது என்பது புரியவே புரியாது.

கேள்விப்பட்ட கதையை உறுதி செய்துகொள்வதற்காக மட்டும் போவதும் தவறுதான். ‘சிங்கப்பூரின் பெரிய பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திரும்பவே முடியவில்லை, அதனால்தான் தோற்றார்கள்’ என்பது நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலிருந்து கேட்டு வளர்ந்த கதை. உண்மையில் அவற்றில் பல நிலத்தை நோக்கித் திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை போர்க்கப்பலின் கவச எஃகைத் துளைக்கச் செய்தவை. காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரிய பயன் இல்லை. இப்படி ஒன்றை வழிகாட்டி திருத்திச் சொல்லும்போது மறுத்துப் பேச அவசரப்படாமல், ‘இது எப்படித் தெரிய வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்துதான் நல்ல உரையாடல் தொடங்கும்.

இனி, என் மனதை மிகவும் உறுத்தும் தவறுக்கு வருகிறேன். இது வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடந்த சண்டை, நமக்கு இதில் என்ன என்று நினைத்துக்கொண்டு நம்மவர்கள் காட்சிக்கூடத்தைக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். சரணடைந்த படையில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, சுமார் 45,000 பேர் ஃபாரர் பார்க் திடலில் நிறுத்தப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷாருக்கு எதிராகப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) கதை அந்தத் திடலில் வேகம் பிடித்தது. பிறகு 1943இல் நேதாஜி வந்தபோது மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் பால் மரம் சீவிய பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அதே காலத்தில், அதே தோட்டங்களிலிருந்து, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. அங்கே செத்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உலாவில் இந்தப் பகுதி வேகமாகக் கடந்து போனால் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள்: ‘தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி இங்கே என்ன இருக்கிறது?’ பலர் கேட்கக் கேட்கத்தான் அடுத்த உலாவில் அது இடம் பிடிக்கும்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஐ.என்.ஏ. வீரர்கள் தியாகிகளா துரோகிகளா என்று உரை முடிந்ததும் எழுந்து ஐந்து நிமிடம் பேசுவது கேள்வி ஆகாது. சேர்ந்தவர்கள் இருந்தார்கள். சேர மறுத்து நியூகினிக்கு அனுப்பப்பட்டுப் பட்டினியிலும் நோயிலும் மடிந்த இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அரங்கில் உங்களுக்குப் பின்னால் அந்த இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கக்கூடும். அதேபோல், சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானியப் படை சீனர்களைப் பிடித்துக் கொன்ற சூக் சிங் படுகொலையில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரே எண்ணைச் சொல்லும்படி சிலர் பேச்சாளரை வற்புறுத்துவார்கள். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது சில ஆயிரம், சீனச் சமூகம் சொல்வது பல பத்தாயிரம். பேச்சாளர் இரண்டையும் சொன்னால் அவர் மழுப்புகிறார் என்று அர்த்தம் இல்லை. பொறுப்போடு பேசுகிறார்.

சொற்கள் எவ்வளவு கனமானவை என்பதற்கு இந்தக் கட்டடமே சாட்சி. 2017 பிப்ரவரியில் புதுப்பித்துத் திறந்தபோது காட்சிக்கூடத்துக்கு ‘சியோனான்’ என்ற பெயர் வைத்தார்கள். ஆக்கிரமித்தவர்கள் சிங்கப்பூருக்கு இட்ட பெயர் அது. குடும்பத்தை இழந்தவர்களுக்கு அந்தப் பெயரே வலித்தது. எதிர்ப்பு எழுந்த சில நாளில் பெயரை மாற்றினார்கள். அதனால் நாமும் போரை வீரவிளையாட்டு போலப் பேசுவதையும், சரணடைந்த அறையில் இரண்டு விரல் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதையும் விட்டுவிடலாம்.

பிளாஷ் வேண்டாம், பழைய தாளும் சீருடைத் துணியும் வெளிச்சத்தில் நிறம் மங்கும். கண்ணாடிக்கு வெளியே இருக்கிற உலோகத்தையும் தொடாதீர்கள், விரல் ஈரம் துருவாக மாறும். சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போனால் சித்திரவதைப் பகுதி எங்கே வருகிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவர்களை மரவள்ளிக்கிழங்கும், ஜப்பானியர் வெளியிட்ட வாழைமரம் அச்சிட்ட பண நோட்டும் இருக்கிற பக்கம் அழைத்துப் போகலாம். அரிசி கிடைக்காமல் கிழங்கைத் தின்ற கதை பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

அப்புறம், வீட்டில் இருப்பதை மறந்துவிட்டுப் போகாதீர்கள். தாத்தாவின் படம், ஜப்பான்காரன் காலத்து நோட்டு, ஒரு பழைய அடையாளத் தாள் எதுவாக இருந்தாலும் கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டுபோய் உலா முடிந்ததும் காட்டுங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள், செய்தால் பின்னால் பிரிக்கவே முடியாது. புகைப்படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதாமல் பென்சிலால் லேசாக எழுதுங்கள். கொடையாகக் கொடுப்பதென்றால் எழுத்தில் ரசீது வாங்காமல் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்து நினைவுகளைப் பல்லாண்டுகளாக வாய்மொழிப் பதிவுகளாகச் சேர்த்து வருகிறது. அப்போது பிள்ளையாக இருந்தவர்களுக்கே இன்று தொண்ணூறு வயதை நெருங்கியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், இன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவை ஓடவிடுங்கள். முதல் வரியாக அவர் பெயரையும், இருந்த தோட்டத்தின் பெயரையும், அப்போதைய வயதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.